ஹந்தஸாவும் அந்தாஸாவும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் அண்மைக்காலத்தில் எழுந்த பள்ளிவாசல்கள் சிலவற்றின் சன்னல் கிராதிகளில் எண்முனை விண்மீன் கோலம் இடம்பெறுகிறது. கணினியில் அமைத்த கோலத்தை எந்திரம் தகட்டில் நூல் பிசகாமல் வெட்டித் தருகிறது. தொழிற்கூடங்கள் நிறைந்த இந்த எல்லைப் பகுதிக்கு அது எளிய பணி. ஆயினும் அக்கிராதிகளுள் சில நம் கண்ணை உறுத்துகின்றன. சன்னலின் அளவுக்காகக் கோலத்தை ஒருபுறம் இழுத்து நீட்டியதால் விண்மீனின் முனைகள் சமன் இழந்துள்ளன. சட்டம் வந்த இடத்தில் விண்மீன் பாதியில் அறுபட்டு நிற்கிறது. குறை எந்திரத்தினுடையதன்று. வெட்டு துல்லியமானது, வெட்டச் சொன்ன வடிவமே அளவு தவறியது.

வடிவியலுக்கு அரபியில் ‘ஹந்தஸா’ என்று பெயர். பொறியாளரை ‘முஹந்திஸ்’ என்பர். அளவு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது அது. அதே பாரசீகச் சொல் உருதுவில் ‘அந்தாஸா’ என வழங்குகிறது. பொருளோ உத்தேசக் கணிப்பு. ஒரே வேரில் துல்லியமும் உத்தேசமும் கிளைத்துள்ளன.

இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சியொன்றைப் பக்தாதின் கணிதப் பேரறிஞர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ (940–998), கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் பற்றிய தம் நூலில் பதிவு செய்துள்ளார். சம அளவான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது அங்கே எழுந்த வினா. வடிவியலார் புதிய சதுரத்தின் பக்கத்தை எளிதில் வரைந்து காட்டினர். அது பழைய பக்கத்தின் ஏறத்தாழ 1.732 மடங்கு. ஆனால் துண்டுகளை வெட்டும் வழி அதில் இல்லை. கைவினைஞரோ வெட்டிப் பொருத்தினர். கண்ணுக்குச் சதுரமாகத் தோன்றிய அவ்வடிவங்களுள் சில நிரூபணத்தின் முன் நிற்கவில்லை. அபுல் வஃபா இரு சாராரின் குறையையும் சுட்டினார். இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி, கிடைத்த நான்கு முக்கோணங்களை மூன்றாம் சதுரத்தைச் சுற்றி அமைத்தார். அவற்றின் செங்கோண முனைகளை இணைத்தால் பெரிய சதுரம் பிறக்கிறது. வெளியே நீளும் துண்டுகள் உள்ளே குறையும் இடங்களை நிரப்புகின்றன. வெட்டவும் இயலும், நிறுவவும் இயலும் தீர்வு அது.

‘அலங்காரந்தானே, தொழுகைக்கு என்ன குறை?’ எனச் சிலர் கேட்கலாம். தொழுகைக்குக் குறையில்லை. எனினும் எண்முனை விண்மீன் வெறும் அலங்காரம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அண்டை மாநிலத்துப் பீஜப்பூரில், 1656இல் மறைந்த முஹம்மது ஆதில் ஷாவின் அடக்கத்தலமான கோல் கும்பஸைக் காண்க. ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்த இரு சதுரங்களின் கோடுகளில் எழும் எட்டு வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, ஏறத்தாழ 38 மீட்டர் உள்விட்டமுள்ள குவிமாடத்தைத் தாங்குகின்றன. அங்கே விண்மீனின் சமன் அழகுக்கு மட்டுமன்று, சுமையைப் பகிர்வதற்கும் உரியது.

இஸ்பஹான் நகரின் தர்பே இமாம் (1453) கோலங்கள், பென்ரோஸ் 1970களில் கண்ட அமைப்பை ஏறத்தாழ ஒத்துள்ளன என்று 2007இல் பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் எழுதினர். அச்செய்தியைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் நாம், கவராயமும் அளவுகோலும் கொண்டு ஓர் எண்முனை விண்மீனை வரைய நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோமா? முன்னோரின் ஹந்தஸாவைப் புகழ்ந்துகொண்டே அந்தாஸாவில் காலம் கழிப்பது முறையாகாது. சன்னலின் அகலமும் உயரமும் கோலத்தின் அடிப்படை அலகுக்கு முழு மடங்காக அமைய வேண்டும். இதைத் தகடு எந்திரத்துக்குச் செல்லுமுன் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரேனும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கும் கடமை நம் மதரஸாக்களுக்கும் உண்டு.