கவிஞர் காணாத தலைப்பாகை

ஹென்றி நியூபோல்ட் என்னும் ஆங்கிலக் கவிஞரின் ‘கில்லஸ்பி’ என்ற கதைப்பாடல் நம் நாட்டு ஊர் ஒன்றைப் பற்றியது. அந்த ஊர் வேலூர். 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் அங்குள்ள கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரையேறி விரைந்து வந்து கோட்டையை மீட்ட தளபதியே பாட்டுடைத் தலைவர். குதிரையின் குளம்போசையைச் சந்தத்திலேயே கேட்கச் செய்யும் திறமை கவிஞருக்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. அதிகாலையில் தனியே செல்லும் வீரனில் தொடங்கி, அவனிலேயே பாடல் வந்து முடிகிறது. வேலூருக்கு அவர் சூட்டும் அடைமொழியோ துரோகத்தைக் குறிப்பது.

சிப்பாய்கள் ஏன் எழுந்தனர்? பாடலில் விடையில்லை. அந்தக் கேள்வியே இல்லை. நாம் குறையெனக் கருதுவது இதையே.

விடை அவர்களின் உடையில் இருந்தது. 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. பெயர்தான் தலைப்பாகை, தோற்றத்தில் அது தோல் பட்டயம் பொருத்திய தொப்பி. சேனாதிபதி கிரடாக்கின் புதிய ஒழுங்குவிதிகளோ நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, முகவாயை மழிக்க வேண்டும் என்றன. தோல் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என இருசமயத்தாரும் அஞ்சினர். தொப்பிக்காரன் என்றால் பறங்கி என்று வழங்கிய காலம் அது. மே மாதம் வேலூரில் மறுத்த சிப்பாய்களுள் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் பணிநீக்கம் செய்தனர்.

‘ஒரு குல்லாய்க்கு இத்தனை அமளியா?’ என்பார் உளர். அன்பர்களே, சிப்பாய் கும்பினியின் செஞ்சட்டையைப் பல ஆண்டுகளாக அணிந்தே வந்தான். உடை மாற்றத்தை அவன் வெறுக்கவில்லை. சட்டை கும்பினியுடையது, நெற்றி அவனுடையது. நாம் வாழும் சிங்கப்பெருமாள் கோவிலின் கடைத்தெருவில் எதிர்ப்படும் நாமம் தரித்த நெற்றிகளுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வாலாஜாபாத் பாளையத்திலும் அன்று அதே மனக்கசப்பு இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்ததை ஒப்புநோக்கலாம். சீருடைக்கு வழியின்றித் தவித்த தம் படைக்கு, 1776 ஜூலையில் வாஷிங்டன் ஊர்ப்புற வேட்டுவர் அணியும் முரட்டுச் சட்டையையே பரிந்துரைத்தார். அதை அணிந்தவனெல்லாம் குறி தவறாதவன் என எதிரி அஞ்சுவான் என்பது அவர் கணக்கு. மக்களின் உடையே அங்குப் படையின் உடையாயிற்று.

கத்தோலிக்கராகிய நம்மைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டச் சிப்பாய் மார்பருகே தொங்கவிட்ட திருப்புளி சிலுவை போலிருந்ததாம். அதைக் கட்டாய மதமாற்றத்தின் அடையாளமென்றே பலர் நம்பினர். மீட்பின் சின்னம் அச்சுறுத்தலாய்த் தோன்றியது! கும்பினியார்க்கு எவரையும் கிறிஸ்தவராக்கும் எண்ணம் அன்று இல்லை. வணிகமே அவர் நோக்கம். ஆயினும் அச்சத்துக்கு இடம் கொடுத்தவர்கள் அவர்களே. அதற்குச் சரியாக இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1606-இல், மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி, மாற்றியது தம் உடையை. கறுப்பு அங்கியைக் களைந்து காவி பூண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற வழக்கு உரோமை வரை சென்று, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை அனுமதித்தார். (சாதியை நோபிலி அதிகமாகவே ஏற்றார் என்ற குறை நமக்கு உண்டு, அது தனியே பேசத்தக்கது.)

சிப்பாய்கள் செய்ததெல்லாம் நியாயமென்று நாம் சொல்லவில்லை. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும் கொன்றனர். பாடலில் வரும் தூதன் பெண்களும் பிள்ளைகளும் மடிவதாகக் கதறுகிறான். கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவியோ தம் பிள்ளைகளுடன் உயிர் தப்பி, நடந்தவற்றை எழுதியும் வைத்தார். மறுபுறம், அரண்மனையில் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டதைப் பொறியாளர் பிளாக்கிஸ்டன் பதிவு செய்துள்ளார். கோட்டைக் கதவைத் தகர்த்தவர் அவர். கில்லஸ்பியின் பக்கத்து மனிதர். இந்தச் சுவர் பாடலுக்குள் வரவில்லை.

தலைப்பாகை ஆணை பின்னர் கைவிடப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807-இல் திருப்பியழைக்கப்பட்டனர். கில்லஸ்பி 1814-இல் நேபாளப் போரில் மாண்டார். பாடலில் மட்டும் இன்னும் வேலூர்ச் சாலையில் குதிரை மேலேயே இருக்கிறார்.