கூட்டலிலேயே ஒரு கோடு
1962இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில், 1401 கணினியோடு இணைத்திருந்த கால்காம்ப் பிளாட்டருக்காக ஜாக் பிரெசன்ஹாம் உருவாக்கிய கோடு வரையும் முறையை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. (0,0)இலிருந்து (5,2)க்கு ஒரு கோடு வேண்டும். சரியான உயரங்கள் 0.4, 0.8, 1.2 என்று பின்னமாகத்தான் போகும். புள்ளி வைக்கவோ முழு எண் கட்டங்களே உண்டு. அவர் பின்னத்தைத் தொடவே மாட்டார். பிழைக்கணக்கு 2இன் இரட்டிப்பான 4இலிருந்து 5ஐக் கழித்து -1இல் தொடங்கும். ஒவ்வொரு நகர்விலும் அது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் ஒரு படி மேலேறி 5இன் இரட்டிப்பான 10ஐக் கழிக்க வேண்டும்; தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் 4 கூட்ட வேண்டும். வரும் உயரங்கள் 0, 0, 1, 1, 2, 2. அசல் கோட்டுக்கு மிக அருகிலுள்ள புள்ளிகள் இவையே!

பெருக்கல், வகுத்தல் இல்லாததால் சிலிக்கானில் இதை வடிப்பது அத்தனை சுகம்: இரட்டிப்புக்கு பிட்டுகளை ஓரிடம் நகர்த்தினால் போதும், ஏறுவதா வேண்டாமா என்பதைக் கூட்டல் விடையின் குறிபிட்டே சொல்லிவிடும்.