‘இயலாது’ என்ற சொல்

இரவில் கதவைத் தாழிட்டால் வெளியிலிருப்பவர் திறக்க முடியாது. ஆனால் உள்ளிருப்பவர் திறந்துவிடலாம் அல்லவா? கணிப்பொறி வலையமைப்புகளைக் காக்கும் ‘ஃபயர்வால்’ என்னும் காப்பரணும் இத்தகையதே. வெளியிலிருந்து வரும் அழைப்பை அது தடுக்கும். உள்ளிருக்கும் கணிப்பொறி தானே தொடங்கும் தொடர்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். விடையும் அதே வழியில் உள்ளே வரும். தொலைவிலிருந்து சர்வரைப் பழுதுபார்க்கும் பொறியாளர் இவ்வழியைப் பயன்படுத்துகிறார். நச்சு நிரலும் அவ்வாறே செய்யலாம்.

இனி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் 2019 அக்டோபர் 29 அறிக்கையை நோக்குவோம். கட்டுப்பாட்டுக் கருவிகள் வெளி வலையமைப்புடன் இணைக்கப்படாதவை. ஆகவே அவற்றின்மீது தாக்குதல் இயலாது என்றது அது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணிப்பொறியில் நச்சு நிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-இலேயே அது கண்டறியப்பட்டிருந்தது! முக்கியமான உள் வலையமைப்பு தனித்தே இருக்கிறது என்றும் கழகம் விளக்கியது. இவ்விளக்கம் பாராட்டத்தக்கது, முதல்நாளே வந்திருக்க வேண்டும்.

தனித்திருத்தல் நல்ல காப்பு. முழுக் காப்பு அன்று. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. ஈரானின் நதான்ஸ் நிலையத்தைத் தாக்கியது.

மாணவர்களே, ‘இயலாது’ என்று எழுதுமுன் எல்லா வாயில்களையும் எண்ணிப் பாருங்கள். அதுவே அறிவியல் நேர்மை.