கமெண்ட்டும் நிரலும்: யூபேர் ஜோலியின் புத்தகத்தை முன்வைத்து

முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு நாள் காலை, டீம் லீட்கள் எல்லோருடைய மேஜையிலும் ஒரு புத்தகம் வந்து உட்கார்ந்திருந்தது. யூபேர் ஜோலி எழுதிய 'தி ஹார்ட் ஆஃப் பிசினஸ்'. உள்ளே ஒரு அட்டை: 'இங்கே மனிதர்களே முதலில்.' ஏழு வாரம் கழித்து அதே லீட்களுக்கு ஒரு எக்செல் கோப்பு வந்தது. என் டீமில் 11 பேர். அவர்களை 1 முதல் 11 வரை வரிசைப்படுத்தித் தர வேண்டும். எதற்கு என்று கோப்பில் எழுதவில்லை. எழுதவா வேண்டும்?

நிரப்பிக் கொடுத்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கடுப்பில் புத்தகத்தைத் திறக்காமலே பரணில் போட்டிருந்தேன். வீடு மாறும்போது கையில் கிடைத்தது. இப்போது இரண்டு தடவை படித்தாயிற்று. கிழித்துத் தொங்கவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல புத்தகம். சிக்கலே அதுதான்.

ஜோலி பிரெஞ்சுக்காரர். மெக்கின்ஸியில் இருந்தவர். 2012இல் அமெரிக்காவின் பெஸ்ட் பை நிறுவனத்துக்குத் தலைமை ஏற்கிறார். நம்ம ஊரில் டிவி, ஃப்ரிட்ஜ் விற்கும் பெரிய ஷோரூம்கள் இருக்கின்றனவே, அதே மாதிரி, ஆனால் அப்போது நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் கடைகள். அந்தச் சமயத்தில் கடை மூழ்கப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆட்கள் கடைக்கு வந்து டிவியைத் தொட்டுப் பார்ப்பார்கள், விற்பனையாளரிடம் அரை மணி நேரம் சந்தேகம் கேட்பார்கள், வெளியே போய் அமேசானில் வாங்குவார்கள். போதாததற்கு நிறுவனரே கம்பெனியைத் திரும்ப வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோலி முதலில் போன இடம் மினசோட்டாவில் செயின்ட் கிளவுட் என்ற ஊரில் இருக்கும் ஒரு கிளை. 'பயிற்சியில் இருக்கும் சிஇஓ' என்று ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டு, நீலச் சட்டையோடு கடையில் நின்றிருக்கிறார். இது போட்டோவுக்காகச் செய்கிற வேலை என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அங்கே கேட்ட குறைகளில் ஒன்று, ஊழியர்களுக்கான தள்ளுபடியை முந்தைய நிர்வாகம் குறைத்துவிட்டது என்பது. ஜோலி அதைத் திரும்பக் கொடுத்தார். அமேசான் விலைக்கே நாங்களும் தருகிறோம் என்று அறிவித்தார். சாம்சங் மாதிரி கம்பெனிகள் கடைக்குள்ளேயே தங்கள் தனிக்கடையைப் போட இடம் கொடுத்து, அதை வருமானமாக்கினார். 2019இல் அவர் பதவியை விடும்போது பங்கின் விலை பல மடங்கு ஏறியிருந்தது.

புத்தகத்தின் மிக நல்ல அத்தியாயம், எல்லோரும் வெறுக்காத வகையில் ஒரு கம்பெனியை எப்படி மீட்டெடுப்பது என்பது. ஜோலி சொல்கிற வரிசை இது: முதலில் வருமானத்தைக் கூட்டப் பார். அடுத்து சம்பளம் அல்லாத செலவைக் குறை. அதற்கும் அடுத்து ஊழியர் சலுகைகளின் செலவைச் சரிசெய். ஆளைக் குறைப்பது கடைசி. உதாரணத்துக்கு டிவியையே எடுத்துக்கொள்கிறார். விற்கிற டிவிகளில் சுமார் 2 சதவிகிதம் எங்கேயோ தூக்கும்போது, இறக்கும்போது உடைந்துகொண்டிருந்தது. அந்த உடைசலைக் குறைத்தாலே பெரிய தொகை மிச்சம். ஆளை அனுப்பும் முன் உடைகிற டிவியைப் பார் என்கிறார். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இது உபதேசம் இல்லை. செய்தாயா இல்லையா என்று வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்க முடிகிற விதி.

அவர் அதை முழுக்கக் கடைப்பிடித்தாரா என்று கேட்டால், ஓரளவு. 2013 தொடக்கத்திலேயே தலைமையகத்தில் சுமார் 400 பேர் போனார்கள். இருந்தும் அப்போது பங்குச் சந்தை எதிர்பார்த்த அளவுக்குக் கடைகளை மூடி ஆட்களை அனுப்பவில்லை என்பது உண்மை.

இதன் அருமை தெரிய, போட்டிக் கடையைப் பார்க்க வேண்டும். சர்க்யூட் சிட்டி. 2007 மார்ச்சில் அவர்கள் கடை ஊழியர்கள் சுமார் 3,400 பேரை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்தார்கள். திறமை போதவில்லை என்று அல்ல. அந்த வேலைக்கு அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று. அவர்கள் இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஆள். அதிகச் சம்பளம் யாருக்கு இருக்கும்? அனுபவம் உள்ளவருக்கு. அதாவது எந்த டிவி எந்தச் சுவருக்குப் பொருந்தும் என்று தெரிந்தவருக்கு. 2008 நவம்பரில் திவால் மனு, 2009இல் கடை மூடல். அந்த நீக்கம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பொருளாதாரமே அப்போது படுத்துக் கிடந்தது. ஆனால் மனிதர்களை முதலில் வைப்பது வியாபாரத்துக்கும் நல்லது என்று ஜோலி சொல்வதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது.

சரி, எங்கே இடிக்கிறது?

அந்த நல்ல அத்தியாயத்தைத் தாண்டிப் போகப் போக புத்தகம் 'மனித மாயம்' என்ற ஒன்றைப் பேச ஆரம்பிக்கிறது. ஒரு சின்னப் பையனின் டைனோசர் பொம்மை உடைந்துவிட, அம்மா கடைக்குக் கூட்டி வருகிறார். ஊழியர்கள் இருவர் கவுண்டருக்குப் பின்னால் பொம்மைக்கு 'அறுவை சிகிச்சை' செய்து, புதுசைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். நெகிழ்ச்சியான சம்பவம், எனக்கும் பிடித்தது. ஆனால் அதிலிருந்து ஜோலி எடுக்கும் முடிவு, தலைவர் தன் நோக்கத்தைக் கண்டுபிடித்து, மனசைத் திறந்து, சரியான சூழலை உண்டாக்கினால் இதெல்லாம் தானாகப் பூக்கும் என்பது. அந்தச் சூழல், அதை உண்டாக்கியவர் கிளம்பிய பிறகு எங்கே தங்கும்? புத்தகத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நடந்ததைப் பார்ப்போம். ஜோலி 2020இல் இயக்குநர் குழுத் தலைமையையும் விட்டுப் போனார். 2021 பிப்ரவரியில் பெஸ்ட் பை சுமார் 5,000 பேரை அனுப்பியதாகச் செய்தி வந்தது. பெரும்பாலும் முழுநேர ஊழியர்கள். கூடவே சுமார் 2,000 பகுதிநேர இடங்கள் சேர்த்தார்கள். கொரோனா ஆண்டு என்பீர்கள். அந்த ஆண்டு அவர்கள் விற்பனை குறையவில்லை, கூடியிருந்தது. வாங்குபவர்கள் இணையத்துக்கு நகர்ந்திருந்தார்கள். புத்தகம் வந்தது அதே ஆண்டு மே மாதம். இது ஜோலி செய்ததல்ல, அச்சுக்குப் போன பிறகு நடந்ததாகவும் இருக்கலாம், அவர் மேல் பழி போடவில்லை. அவர் செய்யாததால்தான் இதைச் சொல்கிறேன். வரிசை அவர் தலைக்குள் இருந்தது. கம்பெனியின் விதியில் இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. நிரலுக்கு மேலே கமெண்ட் எழுதுவோம்: 'இந்த மதிப்பை ஒருபோதும் மாற்றாதே.' கம்பைலர் அதைப் படிக்காது. மாற்றவே கூடாதென்றால் மாறிலி என்று அறிவிக்க வேண்டும். பிறகு மாற்ற முயன்றால் பில்ட் உடையும். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிசினஸ் ரவுண்ட்டேபிள் அமைப்பில் 181 தலைவர்கள் கையெழுத்துப் போட்டு, இனி பங்குதாரர் மட்டுமல்ல, ஊழியர், வாடிக்கையாளர், ஊர் எல்லாமே எங்களுக்கு முக்கியம் என்றார்கள். மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதிய கட்டுரைக்கு ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நல்ல கமெண்ட். எந்த பில்டும் உடையவில்லை.

அப்படியானால் நிரலாக எழுதியவர் யாராவது உண்டா என்று தேடியபோது சிக்கியது லிங்கன் எலெக்ட்ரிக். ஒஹாயோவின் கிளீவ்லேண்டில் வெல்டிங் கருவிகள் செய்யும் நிறுவனம், 1895இல் தொடங்கியது. 1958இலிருந்து அங்கே ஒரு வேலை உத்தரவாதம்: மூன்று ஆண்டு முடித்தவரை வேலை இல்லை என்று அனுப்ப மாட்டோம், வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேர வேலை உண்டு. பதிலுக்கு ஊழியர், எந்த வேலைக்கு மாற்றினாலும் போக வேண்டும், ஆர்டர் குவிந்தால் கூடுதல் நேரம் பார்க்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் மந்தம் வந்து விற்பனை படுத்தபோது, தொழிற்சாலை ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வெல்டிங் கருவிகளை விற்க வெளியே அனுப்பினார்கள். 1992இல் வரலாற்றில் முதல் நஷ்டம். அந்த ஆண்டும் கடன் வாங்கி போனஸ் கொடுத்தார்கள், ஏனென்றால் நஷ்டம் வெளிநாட்டில் வாங்கிய கம்பெனிகளால். கிளீவ்லேண்ட் ஆட்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

இதைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பீஸ் ரேட் கூலி. எத்தனை உருப்படி செய்தாயோ அவ்வளவு காசு, தரம் குறைந்தால் உன் நேரத்திலேயே சரிசெய். ஜோலியின் கடையில் வேலை பார்ப்பது இதைவிட இனிமையாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உத்தரவாதமும் அமெரிக்க ஊழியருக்குத்தான். ஜெர்மனி, ஜப்பான் ஆலைகளை மூடியபோது அங்கிருந்தவர்களை அது காப்பாற்றவில்லை. விதி எழுதியவர்கள் அதன் எல்லையையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1958இல் கையெழுத்துப் போட்டவர் போன பிறகும், அந்த விதி 1982இலும் 1992இலும் வேலை செய்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அது.

எக்செல் கதைக்கு வருகிறேன். எண் 11இல் நான் போட்ட பையன் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாரும் தொட விரும்பாத ஒரு பழைய பேமென்ட் மாட்யூலை அவன் தலையில் கட்டியதே நான்தான். அதில் ஒரு பிழையைத் திருத்த மற்றதைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும். முடித்த டிக்கெட் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் அவன் கடைசிதான். டிக்கெட் எண்ணிக்கை என்ற காலத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். எச்ஆர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை, அளவுகோல் உங்கள் விருப்பம் என்றார்கள். எண்ணைக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அதைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் போன் பண்ணினேன். "பரவால்லண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். உடைந்த டிவிகளைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் டீமிலேயே யாரும் திறக்காத நான்கு டெஸ்ட் சர்வர்கள் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன, கிளவுட் பில் எனக்குத்தான் மெயிலில் வரும். ஆளை எடுக்கும் முன் இதை நிறுத்திப் பார்க்கலாமா என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கலாம். மறுத்திருப்பார்கள், அனேகமாக. நான் எழுதவில்லை.