துன்பமும் விசுவாசமும்: தமிழ்க் கிறிஸ்தவ மரபுகள் சொன்ன விடைகள்

துன்பம் ஏன் வருகிறது என்ற கேள்விக்குக் கிறிஸ்தவத்தில் ஒரே விடை கிடையாது. வேதாகமத்துக்குள்ளேயே பல குரல்கள் கேட்கின்றன. கட்டளையை மீறினால் சாபம் வரும் என்கிறது உபாகமம். யோபுவின் நூல் அந்தக் கணக்கையே கேள்வி கேட்கிறது. குற்றமற்ற யோபு பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழக்கிறான். பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் தவறுகிறார்கள். நூலின் முடிவில், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் என்று கடவுள் ஏற்பது, தம்மோடு வழக்காடிய யோபுவைத்தான். தமக்காக வாதாடிய நண்பர்களை அல்ல. பிறவிக் குருடன் யார் செய்த பாவத்தால் அப்படிப் பிறந்தான் என்று சீடர்கள் கேட்டபோது இயேசுவும் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார். பின்னால் வந்த விளக்கங்களையெல்லாம் உரசிப் பார்க்க இதுவே உரைகல்: துன்பப்படுகிறவர் முகத்துக்கு நேரே சொல்லத்தக்கதா அந்த விடை?

திருச்சபைத் தந்தையரில் ஐரேனேயுஸ் மனிதர் முதிர்ச்சி பெற வளரும் களமாக இவ்வுலகைக் கண்டார். அகுஸ்தீன் தீமையைத் தனிப்பொருளாகக் கருதாமல் நன்மையின் குறைவாகக் கண்டார். அறிவுக்கு இவை உதவும். இழவு வீட்டில் அவ்வளவாக உதவுவதில்லை.

தமிழ்க் கத்தோலிக்க மரபு விளக்கத்தைவிட அழுகைக்கே அதிக இடம் தந்தது. இலங்கையில் பணியாற்றி 1742-இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் மக்கள் முழந்தாளிட்டு, பாடுபடும் கிறிஸ்துவோடு தங்கள் பாடுகளையும் சேர்த்து வைக்கிறார்கள். கிறிஸ்துவின் துன்பத்தில் பங்குகொள்வதாகத் தம் துன்பத்தை ஒப்புக்கொடுக்கும் இந்தப் பவுலிய எண்ணத்தை விரித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் ஒரு திருத்தூது மடலே எழுதினார்.

இம்மரபின் தமிழ் முகம் தேவசகாயம் பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து மனம் சோர்ந்திருந்த காலத்தில், 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படையிலேயே சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். இழப்புக்குக் காரணம் சொல்லாமல், இழந்தவன் ஒருவனின் கதையைச் சொன்னதுதான் அவர் மனத்தைத் தொட்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் சிறைப்பட்டு, நெடுநாள் சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சீர்திருத்தச் சபை மரபு லூத்தரின் சிலுவை இறையியலோடு வந்தது. கடவுள் வல்லமையில் அல்ல, பலவீனத்தில் தம்மை வெளிப்படுத்துகிறார் என்பது 1518 ஹைடல்பெர்க் விவாதத்தில் லூத்தர் முன்வைத்த கருத்து. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் நூலைத் தழுவி 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ துன்பத்தை மோட்சப் பயணத்தின் வழியாகக் காட்டியது. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் தவறி விழுந்து, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். நலமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கென எழுதும் ஆறுதல்கள் நோயாளியின் மனத்தை எட்டுவதில்லை என்பது அவர் பட்டு அறிந்த உண்மை. அதனால் நோயாளியாகவே இருந்து நோயாளிகளுக்கு ஒரு நூல் எழுதினார்.

வலியைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொன்னவர் இறையியலார் அல்லர், ஒரு மருத்துவர். கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். சிகிச்சை பெற்றுத் தேறியவர்களின் விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்தன. காத்திருந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது: தூங்குகிறவர்களின் விரல்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன, வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. பூனைகள் வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். விரல்கள் அழிவதற்குப் பெரும்பாலும் காரணம் நோய்க்கிருமி அல்ல, வலி உணர்ச்சி போய்விட்டதே என்ற முடிவுக்கு பிராண்ட் வந்தார். வலியைக் கடவுள் தந்த காவல் என்று அவர் எழுதியதன் பின்னணி இதுதான். ஆனால் காவலாக வரும் வலிக்கே இந்த விடை பொருந்தும். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொல்ல முடியாது. பிராண்டிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கே தம்மைக் கொடுத்தார்.

பெந்தெகொஸ்தே சபைகள் தெய்வீக சுகத்தை முன்னிறுத்துகின்றன. 1924-இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் மருந்தையே தவிர்க்கும் வைராக்கியம் கொண்டது. உபவாச ஜெபத்திலும் முழு இரவு ஜெபத்திலும் ஏழை ஒருவர் தம் வேதனையை உரக்கச் சொல்லி அழ முடிகிறது. இது சிறிய காரியமல்ல. சுகம் கிடைக்காதபோது விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிடுவதில்தான் ஆபத்து. யோபுவின் நண்பர்கள் அங்கே திரும்ப வருகிறார்கள். தம் உடலிலிருந்த முள் நீங்க மூன்று முறை மன்றாடியும் பவுலுக்கு அது நீங்கவில்லை.

1980-களில் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் வளர்த்த தலித் இறையியல் கேள்வியையே மாற்றியது. சாதி தரும் துன்பத்தைக் கடவுளின் சித்தம் என்பது பொய். அதைத் தருபவர்கள் மனிதர்கள். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்து, ஒரே உலையில் பொங்கி உண்பதையே திருவிருந்தின் பொருளாகக் கண்டார்.

இந்த மரபுகள் எல்லாம் திருப்பூரின் வேலம்பாளையம் போன்ற இடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பனியன் கம்பெனி வேலைக்குத் தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கள் சபை மரபையும் கூடவே கொண்டுவந்தன. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறன்று ஆராதனைக்கோ பூசைக்கோ வரும் டெய்லரின் விண்ணப்பத்தில் இருவகைத் துன்பமும் இருக்கும். அம்மாவின் புற்றுநோய் ஒன்று. முதுகுவலியும், வட்டிக்கு வாங்கிய கடனும், சீசன் இல்லாத மாதங்களும் இன்னொன்று. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகளின் நிலத்தைப் பாழாக்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். இதில் எதையும் ஆண்டவரின் சோதனை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. புற்றுநோயாளியின் அருகில் யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் உட்கார்ந்ததுபோல உட்காரலாம். கூலி, கடன், கழிவுநீர் பற்றிய கேள்விகளைப் போதகரும் பங்குத்தந்தையும் முதலாளியிடமும் அரசிடமும் எடுத்துச் செல்ல வேண்டும்.