‘முன்கித்’ எழுப்பும் ஐயம்

மெய் எது, மெய்போல் தோன்றும் பொய் எது என்று பிரித்தறிய மனிதனால் இயலுமா? இவ்வினாவை எடுத்துப் பேசுவோர் நம்மிடையே பெரும்பாலும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் நூலின் தொடக்கப் பக்கங்களையே துணைக்கழைப்பர். புலன்களும் நம்பத்தக்கன அல்ல, அறிவும் நம்பத்தக்கதன்று என ஹுஜ்ஜத்துல் இஸ்லாமே தீர்ப்பளித்துவிட்டார்கள் என்று மேடையிலே முழங்கிவிட்டு இறங்கிவிடுவர். கேட்டிருந்த இளைஞன் கணிதத்தையும் வானநூலையும் ஏளனமாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறான். அந்நூலை மூலமொழியில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருபவர் என்ற முறையில், அப்பக்கங்கள் அவ்வாறு சொல்லவில்லை என்பதை எடுத்துக்காட்ட நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த இமாம் அவர்கள், ஐம்பது வயதைக் கடந்தபின் தம் அறிவுப் பயணத்தைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூல் இது. ஐயத்துக்கே இடமில்லாத அறிவு எது எனத் தேடப் புகுந்தவர்கள், முதலில் ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்கிறார்கள். மூன்றைவிடப் பத்துப் பெரிது என நாம் அறிந்திருக்கிறோம். ஒருவன் வந்து, இல்லை, மூன்றே பெரிது என்று வாதித்து, அதற்குச் சான்றாக ஒரு கோலைப் பாம்பாக மாற்றியும் காட்டினால், அவனுடைய ஆற்றலைக் கண்டு வியப்போமேயன்றி எண்ணைப் பற்றி ஐயுறமாட்டோம். இத்தகைய உறுதி உடையதே அறிவு என்பது அவர்கள் கொண்ட அளவுகோல்.

இதனைக்கொண்டு புலன்களை அளக்கிறார்கள். கண் நிழலைப் பார்த்து, அது நிற்கிறது என்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தாலோ, அது கணந்தோறும் நகர்ந்து வந்திருப்பது தெரிகிறது. விண்மீன் ஒரு தீனார்க் காசளவே தோன்றுகிறது. வடிவ கணிதச் சான்றுகளோ அது பூமியினும் பெரிது என்று நிறுவுகின்றன. ஆகவே புலன் பொய்த்தது, அறிவு அதனைத் திருத்தியது என்றாகிறது. உடனே புலன் எழுந்து வழக்காடுகிறது. அறிவு என்னும் நீதிபதி வந்திராவிட்டால் நீ என்னை நம்பிக்கொண்டே இருந்திருப்பாய்; அதற்கும் மேலே மற்றொரு நீதிபதி இருந்து, அவர் வெளிப்படும் நாளில் அறிவும் பொய்யாகிப் போகாது என்பதற்கு யாது உறுதி? கனவையும் அது சாட்சிக்கு அழைக்கிறது. கனவுக்குள் இருக்கும்போது அதனைக் கனவென்று ஐயுறுகிறோமா? இவ்வழக்காடலின் அழகுக்கு ஈடாக வேறொரு பகுதி நமக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை. (மாந்தர் உறங்குகின்றனர், இறக்கும்போதே விழிக்கின்றனர் என்னும் கருத்துடைய கூற்றை இமாம் அவர்கள் இவ்விடத்தில் நபிமொழியாக எடுத்தாள்கிறார்கள். அது நபிமொழியாகத் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், அலீ (ரலி) அவர்களின் கூற்றாகவே சொல்லப்படுகிறது என்றும் ஹாபிழ் இராக்கீ குறித்திருப்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.)

எனினும் இங்கே ஒன்றை நின்று நோக்க வேண்டும். நிழல் நகர்வதைக் கண்டுபிடித்தது யார்? அறிவுதான் என்று வழக்கு நடத்தப்படுகிறது. ஆனால் இமாம் அவர்களே அவ்விடத்தில் ஆளும் சொற்கள் ‘தஜ்ரிபா’, ‘முஷாஹதா’ என்பன. அஃதாவது பட்டறிவும் நேரிற் காண்டலும். முன்பு பார்த்த அதே கண்தான் மறுபடியும் பார்த்தது. குச்சி நட்டு நிழல் சாய்வதைப் பார்த்து ளுஹருக்கு வேளை குறித்த எந்த மோதினாரும் இதை அறிவார். கண் பிழைத்தது மெய். அப்பிழையைக் கண்டதும் கண்ணே. விண்மீனை அளக்கும் கணிதமும் கண் கொண்டுவந்து கொடுத்த கோணங்களின்மீதே நிற்கிறது. எனவே புலன் ஒரு கட்சி, அறிவு அதன்மேல் நீதிபதி என்னும் ஏற்பாடு, முதல் சான்றுப் பொருளிலேயே சற்று ஆட்டம் காண்கிறது என்பது நம் கருத்து. தோற்றம் என ஒன்றைத் தள்ளும்போதெல்லாம் மெய்யான வேறொன்றைக் கையில் பிடித்துக்கொண்டே தள்ளுகிறோம்.

கனவின் வழக்கு வேறு வகையானது. அதற்கு உள்ளிருந்தபடியே விடை கூற இயலாது. இமாம் அவர்கள் இதனை மறைக்கவில்லை. சான்று காட்ட வேண்டுமானால் அடிப்படை உண்மைகள் வேண்டும். அவையே ஐயத்துக்குள்ளாகிவிட்டபின் எதைக் கொண்டு சான்று காட்டுவது? பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் பாம்பென்று தாண்டவும் முடியாமல், ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அந்நிலையில் இருந்ததாக எழுதுகிறார்கள். அதற்கு அவர்கள் இடும் பெயர் ‘நோய்’ என்பது. வாயால் சொன்ன கொள்கையன்று, உள்ளத்தைப் பற்றிய நிலை என்றும் தெளிவுபடுத்துகிறார்கள். இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் அது நீங்கியது. நீங்கியபின் நிகழ்ந்தது என்ன? அறிவின் அடிப்படை உண்மைகள் பழையபடி நம்பிக்கைக்குரியனவாயின என்கிறார்கள். மேடைப் பேச்சாளர் விட்டுவிடும் வரி இதுதான். நோயின் விவரத்தைப் படித்துவிட்டு அதையே மருந்தென்று விநியோகிப்பது எவ்வகை நியாயம்?

பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1641இல் வெளியிட்ட தியானங்களிலும் கனவு வாதம் உண்டு. அவர் இமாம் அவர்களைப் படித்தே எழுதினார் என்று பெருமை பேசப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று எவரும் காட்டியதில்லை. டெகார்ட் வாதத்தால் மீண்டார். இமாம் அவர்களோ வாதத்தால் மீள இயலாது என்றார்கள். ஒற்றுமையைவிட இவ்வேற்றுமையே கருதத்தக்கது.

இமாம் அவர்கள் பிறக்குமுன்பே மறைந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஒளிநூலின் மூன்றாம் பகுதியில் பார்வைப் பிழைகளையே ஆராய்ந்தார். தொலைவு, ஒளி, பொருளின் அளவு, இடையிலுள்ள காற்றின் தெளிவு, கண்ணின் நலம் எனக் காட்சிக்கு எட்டு நிபந்தனைகளை வகுத்து, அவற்றுள் எது அளவு கடந்தாலும் பிழை நேரும் என்றார். கண் பொய்யென்று அவர் ஒதுக்கவில்லை. எங்கே, எப்போது, எதனால் பிழைக்கிறது என்று கேட்டார். அடிவானத்து நிலா பெரிதாகத் தோன்றுவதற்கும், அதனை மிகத் தொலைவிலுள்ளதாக மனம் கணிப்பதே முதன்மைக் காரணம் என்று ஏழாம் பகுதியில் விளக்கினார். ஐயமுடையோர் கையை நீட்டி விரல்நுனியில் ஒரு மிளகைப் பிடித்துப் பார்க்கலாம். உச்சி நிலாவை ஏறக்குறைய மறைக்கும் அதே மிளகு, அடிவானத்து நிலாவுக்கும் போதுமானதாயிருக்கும்.

நிலா என்றதும் பிறை நினைவுக்கு வருகிறது. பெரிதாகத் தெரிகிறதே, இது இரண்டாம் நாள் பிறையன்றோ என்று ஆண்டுதோறும் எழும் சச்சரவை நாம் அறிவோம். இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி உண்டு. பிறை பார்க்கக் கூடியிருந்தோர் நடுவே, நூறு வயதை நெருங்கிய நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், அதோ கண்டேன் என்று சுட்டிக்காட்டினார்கள். வேறெவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. பின்னாளில் பஸராவின் காழியாக விளங்கிய இயாஸ் இப்னு முஆவியா அப்பெரியாரின் முகத்தை உற்று நோக்கினார். புருவத்து மயிரொன்று வளைந்து நின்றது. அதனை மெல்லத் தடவிச் சீர்ப்படுத்திவிட்டு, அபூ ஹம்ஸாவே, பிறை இருக்குமிடத்தை இப்போது காட்டுங்கள் என்று வேண்டினார்.

இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் இயாஸின் நுண்ணறிவையே வியந்து முடிப்பர். நாமோ முதிய நபித்தோழரின் மறுமொழியை அதற்கு முன்னே வைப்போம். அவர்கள் அத்தனை பேர் நடுவிலும் மறுபடி வானத்தைப் பார்த்துவிட்டு, தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.