எழுதப் படிக்கக் கற்பித்தல் என்னும் துறை

எழுத்தறிவைப் பற்றி நம் நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம், அது நூற்றுக்கு எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது என்னும் கணக்கே முன்வந்து நிற்கிறது. எழுத்தறியாத குழந்தை எழுத்தறிந்த குழந்தையாக மாறும் இடைக்காலத்தில் அதன் கண்ணிலும் செவியிலும் மனத்திலும் என்ன நிகழ்கிறது என்பதையும், எழுத வல்லவர் ஒருவர் ஒரு கட்டுரையைத் தொடங்கி முடிப்பதற்குள் எத்தனை முறை தம் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார் என்பதையும் தனிக் கல்வித்துறையாகக் கருதி, அதைக் கற்பிப்பதிலும் ஆராய்வதிலும் ஆயுளைச் செலவிடும் பேராசிரியர்கள் பிற தேசங்களில் உண்டு. மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் இந்த நோக்கோடு பார்த்தால், அத்தகைய துறைக்கு வேண்டிய மூலப்பொருள்கள் இங்கே நெடுங்காலமாகச் சேர்ந்திருப்பதும், அவை ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே நிற்பதும் புலப்படும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் பாயிரப் பகுதியில், ஆசிரியர் சொன்னதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையில் கால் பங்கே கிட்டும் என்றும், உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கும், தான் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும் என்றும் பவணந்தி முனிவர் வகுத்திருக்கிறார். கற்பித்தலைக் கல்வி நிறைவுறும் வழியாகவே கண்ட கொள்கை இது. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவ, மறு ஆண்டில் ‘செந்தமிழ்’ பத்திரிகை தோன்ற, பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் பரீட்சைகள் ஏற்பட, நூலை வரிவரியாக ஓதும் பழைய சம்பிரதாயம் புதிய ஸ்தாபன வடிவம் பெற்றது. ஆயினும் அங்கு ஆராய்ச்சிக்குரிய பொருளாக நின்றது நூலே. அதை வாசிக்கும் மனத்தின் இயக்கம் ஆராயப்படவில்லை.

உரைநடை எழுதக் கற்பிப்பதில் மதுரைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1949இல் நிறுவிய தியாகராசர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்னும் நூல், வல்லெழுத்து மிகும் இடம், மிகா இடம், நிறுத்தக் குறிகள், வாக்கிய அமைப்பு முதலியவற்றை எழுதுகிறவனுக்கு உற்ற துணையாக இருக்கும்படி விளக்கி, மாணாக்கராலும் எழுத்தாளராலும் தலைமுறைதோறும் பயிலப்பட்டு வருகிறது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராக அமர்ந்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியலில் பேரறிஞர்; 1971இல் அப்பதவியை ஏற்ற மு. வரதராசனார் ‘எழுத்தின் கதை’யை எளிய நடையில் எழுதியவர். இத்தகைய பெரியோரால் மொழியின் அமைப்பும், எழுத்தின் வரலாறும், எழுதி முடித்த வாக்கியத்தின் குணதோஷங்களை அறியும் திறமும் நம்மிடையே செழித்தன. வாக்கியம் உருவாகும் வழியை ஆராய்வது மட்டும் பின்வந்தோர்க்கு உரிய கடமையாக எஞ்சிற்று.

அந்த வழியைத் தேடிய ஆராய்ச்சி அமெரிக்காவில் பெரிதும் வளர்ந்தது. ஜேனட் எமிக் 1971இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பள்ளி இறுதி வகுப்பு மாணவர் எண்மரை எழுதும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். 1981இல் லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும், திட்டமிடுதல், எழுத்தாக்குதல், சரிபார்த்தல் என்னும் செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிகழாமல், எந்தக் கணத்திலும் ஒன்றினுள் ஒன்று புகுந்து நிகழக்கூடியவை என்று காட்டினர். நமக்கு இது முற்றும் புதிய காட்சி அன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடலை மனத்தில் அமைத்து வாயால் சொல்ல, மாணாக்கர் அருகிருந்து ஏட்டில் எழுதிய செய்தியை உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். புலவர் ஒருவர் சொல்லைத் தேர்வதையும் விலக்குவதையும் நேரில் கண்டு கற்ற அந்தப் பாக்கியம், மதிப்பெண் இட்ட விடைத்தாளை மட்டும் திரும்பப் பெறும் இக்காலத்து மாணவருக்கு வாய்ப்பதில்லை.

வாசிப்பைப் பற்றிய பிரச்சினைகள் இன்னும் செறிவானவை. தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துக்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் உயிரின் குறி மெய்க்கு முன்னே நிற்க, அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ககரம் ஒன்றே கடல், தங்கம், பகல் என்னும் சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. கன்னடம் படிக்கும் குழந்தைகளிடையே சோனாலி நாக் செய்த ஆய்வு, இத்தகைய லிபியைக் கைவசமாக்கும் காலம் நான்காம் வகுப்பு வரையிலும் நீள்வதைக் காட்டியது. மதுரைச் சீமையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் பிள்ளையும், தெலுங்கு பேசும் கரிசல்காட்டுப் பிள்ளையும், ‘அங்கிட்டு வந்துச்சு’ என்று சொல்லிப் பழகிய தமிழ்ப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து ‘அங்கே வந்தது’ என்று வாசிக்கிறார்கள். இம்மூவரும் செய்யும் பிரயாசை ஒரே தன்மையது அன்று. அந்த வித்தியாசத்தை அறியாத உபாத்தியாயர், தடுமாற்றத்தைச் சிரத்தையின்மை என்று எண்ணிவிட இடமுண்டு.

முதியோரை எழுத்துக்கு அழைத்துவந்த பெருமுயற்சி, 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் என்னும் பெயரால் தமிழ்நாட்டு மாவட்டங்களில் நிகழ்ந்தது. அதன் முதற்பாடம் அகரவரிசையை விட்டு, ‘பட்டா’, ‘படி’ என்னும் அன்றாட வாழ்வின் சொற்களிலிருந்து தொடங்கியது. 1963இல் பிரேசில் நாட்டு ஆங்கிகோஸ் என்னும் ஊரில் பாவ்லோ ஃபிரெய்ரே தொழிலாளர்க்கு எழுத்துக் கற்பித்த முறைக்கும் இதுவே அடிப்படை. படிக்க வந்தோரிடமிருந்த விடுகதைகளும் கதைகளும் திரட்டப்பட்டு, அவர்களே வாசிக்கத்தக்க சிறு நூல்களாயின. சிவகாசியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து இவ்வியக்கத்தில் உழைத்த ச. மாடசாமி, ‘என் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா’ முதலிய நூல்களில் வகுப்பறை அனுபவத்தையே விசாரணைக்கு உள்ளாக்கினார். கற்பிப்பவர் தம் கற்பித்தலைத் தாமே ஆராயும் கல்வி வாழ்க்கைக்கு நம் பக்கத்தில் அவரைப் போன்றோரை முன்மாதிரியாகச் சொல்லலாம்.

2022இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தால் தொடக்க வகுப்புகளின் எழுத்தறிவு மீண்டும் பொதுக்கவனம் பெற்றிருக்கிறது. திட்டங்கள் வரும், மாறும். அவற்றின் பயனை ஆண்டாண்டாகத் தொடர்ந்து நோக்கி, நம் பிள்ளைகள் வாசிக்கும் விதத்தைப் பற்றிய நிலையான அறிவைச் சேர்ப்பது பல்கலைக்கழகத்தின் தர்மம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ திருமங்கலத்திலோ பாடம் சொல்லும் ஓர் ஆசிரியர், மாணாக்கர் எழுதிய முதல் வரைவையும் திருத்திய வரைவையும் ஒப்பிட்டு, அவர்கள் எதை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிவைப்பாராயின், அதுவும் சுவடிப் பதிப்புக்கும் இலக்கண ஆய்வுக்கும் நிகரான புலமைப் பணியே என்பது என் உறுதியான அபிப்பிராயம். அப்பணியை முனைவர் பட்டத்துக்கும் பேராசிரியர் பதவிக்கும் தகுதியாக ஏற்று, தமிழ்த்துறையும் மொழியியல் துறையும் கல்வியியல் துறையும் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றை மதுரையிலேயே வகுக்கவேண்டும்.